சேமித்த மின்னஞ்சலை உலாவி ஏன் திறப்பதில்லை

மின்னஞ்சல் ஒன்றைக் கணினியில் இறக்கி வைத்தால், அது பெரும்பாலும் இஎம்எல் என்ற பின்னொட்டுள்ள கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. ஜிமெயிலிலிருந்து ஒரு செய்தியைப் பதிவிறக்கினாலும், தண்டர்பேர்டு என்ற அஞ்சல் மென்பொருளிலிருந்து சேமித்தாலும் கிடைப்பது இதுவே. பின்னர் ஒரு நாள் அதைப் படிக்க வேண்டிய தேவை வருகிறது. அஞ்சல் மென்பொருள் எதுவும் இல்லாத கணினியில் அந்தக் கோப்பைக் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ இழுத்துப் போட்டால், உலாவி அதைக் காட்டுவதற்குப் பதிலாக மீண்டும் பதிவிறக்க முனைகிறது, அல்லது எந்த மென்பொருளால் திறப்பது என்று கேட்கிறது. அதே அஞ்சலை முன்பு அதே உலாவியில்தான் படித்திருப்போம் என்பதால், இந்த மறுப்பு பலருக்கு விளங்குவதில்லை. உலாவிக்கு அதைப் படிக்கும் திறமை இல்லை என்று எண்ணிவிடுவது எளிது. ஆனால் உண்மை அதுவன்று. ஒரு காலத்தில் உலாவிகள் இத்தகைய கோப்புகளைத் திறந்தன. அவ்வாறு திறந்ததால் நேர்ந்த கேடுகளுக்கு இந்த மறுப்பில் பெரும் பங்கு உண்டு.

முதலில் கோப்பின் உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுத்த ஆர்எஃப்சி 822 என்ற ஆவணம், டேவிட் கிராக்கரால் எழுதப்பட்டு 1982 ஆகஸ்டில் வெளிவந்தது. 2001இலும் 2008இலும் அது புதுப்பிக்கப்பட்டபோதும் அடிப்படை மாறவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி போன்ற விவரங்களைத் தாங்கிய தலைப்பகுதி வரிகள் முதலில் வரும். அதன்பின் ஒரு வெற்று வரி. அதற்குக் கீழே செய்தி. இவை அனைத்தும் வெறும் எழுத்துகளே என்பதால், எந்த இஎம்எல் கோப்பையும் நோட்பேடில் திறந்து பார்க்கலாம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பழைய அஞ்சல் என்றால் அப்படியே படித்தும்விடலாம்.

ஆனால் அந்த வடிவம் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் சில குறிகளையும் மட்டுமே மனத்தில் கொண்டு அமைக்கப்பட்டது. படங்களையும் பிற மொழி எழுத்துகளையும் அதே குழாய் வழியாக அனுப்புவதற்கு வழி தேடியபோது, நத்தானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் மைம் என்ற ஏற்பாட்டை உருவாக்கினர். 1992இல் முதன்முறை வெளியான அது, 1996இல் ஐந்து ஆவணங்களாக விரிந்து இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. ஓர் அஞ்சலைப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் ஓர் எல்லைக்கோட்டு வரியை வைத்து, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அது எவ்வகையானது, எந்த முறையில் குறியாக்கப்பட்டது என்று எழுதிவிடுவதே மைமின் சாரம். இன்று நமக்கு வரும் ஓர் எளிய அறிவிப்பு அஞ்சலில்கூட, அதே செய்தியின் வெற்றெழுத்து வடிவம் ஒரு துண்டாகவும், வலைப்பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் வடிவம் இன்னொரு துண்டாகவும், நிறுவனத்தின் சின்னம் மூன்றாவது துண்டாகவும், பிடிஎஃப் இணைப்பு நான்காவது துண்டாகவும் இருக்கக்கூடும். இவற்றில் எதை முதன்மையாகக் காட்டுவது, எதை இணைப்பாக ஒதுக்குவது, எந்தப் படத்தை எந்த இடத்தில் பொருத்துவது என்று முடிவு செய்வதுதான் அஞ்சல் மென்பொருளின் வேலை. ஜிமெயிலின் பக்கத்தில் அஞ்சலைப் படிக்கும்போது இந்த வேலையைக் கூகுளின் கணினிகள் முன்பே செய்து முடித்து, தூய்மைப்படுத்திய எச்டிஎம்எல்லை மட்டும் உலாவிக்கு அனுப்புகின்றன. உலாவி அங்கே மூல அஞ்சலைக் காண்பதே இல்லை.

தமிழ் அஞ்சலுக்கு இந்த இடைப்பட்ட வேலை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் கொள்கிறது; பேஸ்64 என்ற அஞ்சல் குறியாக்கம் மூன்று பைட்டை நான்கு ஆங்கிலக் குறிகளாக மாற்றுகிறது. ஆகவே ‘தமிழ்’ என்ற சொல், கணினியின் கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகளாகி, 15 பைட் ஆகி, பேஸ்64இல் 20 குறிகளாக நீள்கிறது. குவோட்டட் பிரின்டபிள் என்ற மற்றொரு முறையில் அதே சொல் 45 குறிகளை எடுத்துக்கொள்ளும். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் ஒரே தொகுதியாக அமைந்திருப்பதால், பேஸ்64இல் உள்ள தமிழ் அஞ்சலை நோட்பேடில் திறப்பவர், நான்கு என்ற எண்ணும் கே என்ற பெரிய எழுத்தும் ஆறு என்ற எண்ணும் சேர்ந்து மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பார். சொற்களுக்கு இடையே ஓர் இடைவெளி வந்தவுடன் வரிசை ஒரு பைட் நகர்ந்து, வேறொரு கோலம் தொடங்கும். இஎம்எல் கோப்பின் பின்னொட்டைச் சாதாரண எழுத்துக் கோப்புக்குரியதாக மாற்றி உலாவியில் திறந்தாலும் இதே காட்சிதான் தெரியும். ஆங்கில அஞ்சலுக்குப் பலர் சொல்லித்தரும் நோட்பேடு வழி, தமிழ் அஞ்சலுக்குப் பெரும்பாலும் உதவாமல் போவது இதனால்தான்.

இனி உலாவியின் பக்கம் வருவோம். ஒரு வலைப்பக்கத்தையும் அதற்குரிய படங்களையும் ஒரே கோப்பாகச் சேமிக்க வழி வேண்டும் என்று எண்ணியவர்கள், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்காமல், மின்னஞ்சலின் மைம் வடிவத்தையே எடுத்துக்கொண்டனர். 1999இல் வெளியான ஆர்எஃப்சி 2557 இதை எம்எச்டிஎம்எல் என்ற பெயரில் வரையறுத்தது. அதே ஆண்டு வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5, பக்கங்களை எம்எச்டி என்ற பின்னொட்டுடன் சேமிக்கும் வசதியைத் தந்தது. எம்எச்டி கோப்பு என்பது அடிப்படையில் பெறுநரிடம் அனுப்பப்படாத ஒரு மின்னஞ்சல். தலைப்பகுதி, எல்லைக்கோட்டு வரிகள், குறியாக்கிய துண்டுகள் என எல்லாம் அதிலும் அப்படியே உண்டு. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற அஞ்சல் மென்பொருள், அஞ்சலைக் காட்டுவதற்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் எச்டிஎம்எல் இயந்திரத்தைப் பயன்படுத்தியது. எம்எச்டி கோப்பைப் பிரிப்பதற்கு உலாவி அவுட்லுக் எக்ஸ்பிரஸின் கூறுகளைப் பயன்படுத்தியது. இரண்டும் இவ்வாறு பின்னிப் பிணைந்திருந்ததால், ஒரு வலைப்பக்கத்தில் இருக்கும் இஎம்எல் கோப்பை நேரடியாகத் திறந்து காட்டுவது அந்நாளில் இயல்பான வசதியாக இருந்தது. நெட்ஸ்கேப் கம்யூனிகேட்டரிலும், அதன் வழிவந்த மொசில்லா தொகுப்பிலும் உலாவியும் அஞ்சலும் ஒரே மென்பொருளின் இரு சாளரங்களாகவே இருந்தன.

அந்த வசதிக்கான விலை 2001இல் தெரிந்தது. அவ்வாண்டு மார்ச் 29 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்பு அறிவிக்கையை வெளியிட்டு, அதற்கான திருத்தத்தையும் தந்தது. எச்டிஎம்எல் அஞ்சலில் உள்ள ஓர் இணைப்பின் தலையில் அதன் வகையைப் பொய்யாக எழுதிவிட்டால், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை ஐயமின்றி ஏற்று, பயனரைக் கேட்காமலே ஓட்டிவிடும் என்பதே அந்தக் குறை. திருத்தம் கைக்கு வந்தும் அதை நிறுவாத கணினிகள் உலகெங்கும் எண்ணற்று இருந்தன. செப்டம்பர் 18 அன்று நிம்டா என்ற புழு, அதாவது தானாகவே பரவும் தீய நிரல், பரவத் தொடங்கியபோது, அது இந்த வாசலையே பயன்படுத்தியது. புழு தொற்றிய வழங்கிகளில் உள்ள வலைப்பக்கங்களின் அடியில் ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட் ஒட்டப்பட்டது. பக்கத்தைப் பார்க்க வந்தவரின் உலாவியில் அந்த வரி ‘ரீட்மீ’ என்ற பெயருள்ள ஓர் இஎம்எல் கோப்பைத் தனிச் சாளரத்தில் திறந்தது. அந்தச் சாளரம் திரையின் மேலிருந்தும் இடமிருந்தும் 6000 புள்ளிகள் தள்ளித் திறக்குமாறு எழுதப்பட்டிருந்ததால், அது திரைக்கு வெளியே போய்விட்டது. யாருடைய கண்ணிலும் படவில்லை. அந்த அஞ்சல் கோப்பினுள் இருந்ததோ ஓர் இயக்கநிரல். அதன் தலையில் ஒலிக்கோப்பு என்று எழுதப்பட்டிருந்தது. ஒலிக்கோப்பால் தீங்கில்லை என்று நம்பிய உலாவி அதை இயக்கியது.

நிம்டா அஞ்சல் வழியாகவும், வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புறைகள் வழியாகவும், வழங்கி மென்பொருளின் ஓட்டைகள் வழியாகவும் பரவியது உண்மை. ஆனால் நம் பொருளுக்கு முக்கியமானது மேற்சொன்ன ஒரு வழிதான். இணையத்தில் உலவியதைத் தவிர வேறு எதையும் செய்யாத ஒருவர், தாம் திறக்காத ஓர் அஞ்சலால் தாக்கப்பட்டார். அதே புழு, பகிரப்பட்ட கோப்புறைகளில் இஎம்எல் கோப்புகளைத் தூவிவிட்டுப் போனது. கோப்புறையைப் பார்வையிட்டு அவற்றைத் திறந்தவரும் சிக்கினார். மின்னஞ்சல் கோப்பு என்பது படிக்கும் பொருள் என்ற எண்ணம் மாறி, இயக்கநிரலுக்கு நிகரான எச்சரிக்கையோடு அணுக வேண்டிய பொருள் என்ற நிலை வந்தது.

சிக்கல் அதோடு தீரவில்லை. 2003, 2004 ஆண்டுகளில் அவுட்லுக் எக்ஸ்பிரஸின் எம்எச்டிஎம்எல் கையாளும் பகுதியில் கண்ட குறைகளுக்கு அடுத்தடுத்துத் திருத்தங்கள் வந்தன. 2011 ஜனவரியில், அதே வடிவத்தைப் பிரிக்கும் முறையில் உள்ள மற்றொரு பிழையால், ஒரு தளத்தின் பெயரில் வேறொருவரின் நிரலை ஓட்ட முடியும் என்று மைக்ரோசாஃப்ட் எச்சரித்தது. அரசியல் நோக்கமுடையதாகத் தோன்றும் தாக்குதல்களில் அது தம் பயனர்களுக்கு எதிராகப் பயன்படுகிறது என்று கூகுள் மார்ச் மாதம் அறிவித்தது. ஏப்ரலில்தான் திருத்தம் வந்தது. அஞ்சலும் வலைப்பக்கமும் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொண்டதில் இருந்த இடர் ஒரு பதிப்பின் கவனக்குறைவு அல்ல என்பது இதனால் விளங்கும். வலைப்பக்கம் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்பதை வைத்தே உலாவியின் பாதுகாப்பு ஏற்பாடுகள் பெரும்பாலும் இயங்குகின்றன. சேமித்த அஞ்சலுக்கு அப்படி ஒரு தளம் கிடையாது. முன்பின் அறியாத ஒருவர் எழுதிய எச்டிஎம்எல், நம் வட்டில் உள்ள கோப்பு என்ற தகுதியோடு வந்து நிற்கிறது.

இதற்கிடையே உலாவியும் அஞ்சலும் தனித்தனி மென்பொருள்களாகப் பிரிந்துவிட்டன. மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் 1.0 பதிப்பு 2004 நவம்பரிலும், தண்டர்பேர்டு 1.0 பதிப்பு டிசம்பரிலும் வெளிவந்தன. பழைய கூட்டுக்குடும்ப வடிவத்தை இன்றும் தொடரும் சீமங்கி ஒரு விதிவிலக்கு. அஞ்சலைப் பிரிக்கும் பகுதி தண்டர்பேர்டோடு போய்விட்டதால், ஃபயர்ஃபாக்ஸுக்கு இஎம்எல் என்பது முன்பின் தெரியாத ஒரு வகை; எம்எச்டிஎம்எல் கோப்பையும் அது திறப்பதில்லை. அதற்கு உதவிய நீட்சிகளும், 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பு பழைய நீட்சி முறையைக் கைவிட்டபோது செயலிழந்தன. ஆப்பிளின் சஃபாரி தனக்கென ஒரு காப்பக வடிவத்தை வைத்துக்கொண்டு, அஞ்சல் கோப்புகளை மெயில் செயலியிடம் விட்டுவிடுகிறது.

குரோமியம் இயந்திரத்தில் ஓடும் குரோமும் எட்ஜும் மட்டும் எம்எச்டிஎம்எல்லைத் தொடர்ந்து ஆதரிக்கின்றன. இங்கேதான் பலரும் அறிந்த ஒரு குறுக்குவழி பிறக்கிறது. இஎம்எல் கோப்பின் படி ஒன்றை எடுத்து, அதன் பின்னொட்டை எம்எச்டி என்று மாற்றி, உலாவிச் சாளரத்தில் போட்டால், இரண்டின் உடலமைப்பும் ஒன்றே என்பதால், பல அஞ்சல்கள் பக்கமாக விரிகின்றன. விண்டோஸில் கோப்புப் பின்னொட்டுகள் மறைந்திருந்தால் அவற்றை முதலில் தெரியும்படி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் புதிய பின்னொட்டு பெயரின் நடுவில் ஒட்டிக்கொள்ளுமே தவிர, உண்மையான பின்னொட்டு மாறாது. இந்த வழி ஓரளவு பாதுகாப்பானதும்கூட, ஏனெனில் எம்எச்டிஎம்எல் பக்கங்களில் நிரல்கள் ஓடுவதைக் குரோம் அனுமதிப்பதில்லை. கோப்பினுள் இல்லாத படங்களை இணையத்திலிருந்து வரவழைப்பதும் இல்லை. அறிவிப்பு அஞ்சல்களின் படங்கள் பெரும்பாலும் அனுப்பியவரின் வழங்கியில் இருப்பவை என்பதால், அவற்றின் இடம் வெறுமையாகத் தெரிந்தால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் இவ்வழியில் கிடைப்பது அஞ்சலின் ஒரு பகுதியே. அனுப்பியவர் யார், எப்போது, எந்த வழங்கிகள் வழியாக வந்தது என்ற தலைப்பகுதி விவரங்கள் திரையில் வாரா. இணைப்பாக வந்த பிடிஎஃப் கோப்போ எக்செல் கோப்போ இருப்பதற்கான சுவடே தெரியாது. அவை கோப்பினுள் பத்திரமாக இருந்தாலும், உலாவி அவற்றைக் காட்டும் கடமை கொண்டதன்று. அஞ்சல் எவ்வாறு துண்டுகளாக அடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்து விளைவும் வேறுபடும். ஒரு வழக்குக்கோ கணக்குத் தணிக்கைக்கோ அஞ்சலைப் பார்ப்பவர், இந்தக் காட்சியை முழுமையானது என்று கொள்ளக் கூடாது.

குறுக்குவழி கைகொடுக்காதபோது மக்கள் நாடும் வேறு இரண்டு வழிகள் இருக்கின்றன; இரண்டுமே கவலை தருபவை. ஒன்று, அஞ்சலின் எச்டிஎம்எல் துண்டை மட்டும் பிரித்தெடுத்து, சாதாரண வலைப்பக்கமாகத் திறப்பது. அப்போது எம்எச்டிஎம்எல்லுக்கு இருந்த கட்டுப்பாடு எதுவும் இருக்காது. பக்கத்தில் நிரல் இருந்தால் அது ஓடும். ஒரு புள்ளியளவே உள்ள கண்காணிப்புப் படம் இருந்தால், அதை உலாவி அனுப்பியவரின் வழங்கியிலிருந்து வரவழைக்கும். அந்த நொடியில், அஞ்சல் எந்த இணைய முகவரியிலிருந்து, எப்போது திறக்கப்பட்டது என்பது அவருக்குப் பதிவாகும். அஞ்சல் மென்பொருள்கள் வெளிப்படங்களை முதலில் தடுத்து வைப்பதும், 2013 டிசம்பர் முதல் ஜிமெயில் அவற்றைத் தன் இடைவழங்கி வழியாகவே காட்டுவதும் இந்தக் கண்காணிப்பைக் கருதியே. வங்கியின் பெயரில் வந்த ஐயத்துக்குரிய அஞ்சலை ஆராய விரும்புபவர் இந்த வழியைத் தொடவே கூடாது.

மற்றொன்று, இஎம்எல் கோப்பைத் திறந்து காட்டுவதாகச் சொல்லும் தளங்களில் அதைப் பதிவேற்றுவது. அஞ்சலில் ஊதியச் சீட்டும், மருத்துவ அறிக்கையும், ஆதார் எண்ணும், கடவுச்சொல் மாற்றும் சுட்டியும் இருக்கலாம். ஒரே ஒரு அஞ்சலைப் படிக்க வேண்டும் என்பதற்காக, யார் நடத்துகிறார் என்று தெரியாத வழங்கிக்கு அவற்றை அனுப்புவது எவ்வளவு பெரிய இழப்புக்கு இடம் தரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கோப்பைக் கணினியை விட்டு வெளியே விடாமல், உலாவிக்குள்ளேயே ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு பிரித்துக் காட்டும் தளங்களும் உண்டு. தளத்தைத் திறந்தபின் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கோப்பைக் கொடுத்தால், அது வேலை செய்கிறதா என்பதை வைத்து ஓரளவு கண்டுகொள்ளலாம். இவற்றைவிட நல்ல வழி எளியது. கோப்பைத் தண்டர்பேர்டில் திறக்கலாம். அல்லது நமக்கு நாமே ஓர் அஞ்சலில் இணைப்பாக அனுப்பி, ஜிமெயிலில் அந்த இணைப்பைச் சொடுக்கிப் படிக்கலாம். ஜிமெயிலுக்கு வந்த அஞ்சல் என்றால், அதை வைத்திருக்கும் நிறுவனத்திடமே அது திரும்பிப் போகிறது என்பதால், புதியவர் எவரும் இடையில் வருவதில்லை.

உலாவிகள் மறுத்தது அக்காலச் சூழலில் சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த முடிவு இன்றும் அப்படியே நிற்க வேண்டுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. பிடிஎஃப் கோப்புகளும் ஒரு காலத்தில் தாக்குதல்களுக்குப் பெயர்போன வாயிலாக இருந்தவையே. குரோம் 2010இல் தனக்கென ஒரு பிடிஎஃப் காட்டியைத் தனியறையில் அடைத்து இயக்கத் தொடங்கியது. 2013இல் ஃபயர்ஃபாக்ஸ் 19ஆம் பதிப்பு, முழுவதும் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்ட காட்டியைச் சேர்த்துக்கொண்டது. அஞ்சலின் வடிவம் பிடிஎஃப்பைவிட எளியது. அதன் வரையறை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுவெளியில் இருக்கிறது. நிரல்களை நீக்கி, வெளிப்படங்களைத் தடுத்து, தலைப்பகுதியையும் இணைப்புகளின் பட்டியலையும் காட்டும் ஒரு காட்டியை உலாவியில் சேர்ப்பதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. அது இல்லாத வெற்றிடத்தைத்தான் பதிவேற்றத் தளங்கள் நிரப்புகின்றன. பாதுகாப்புக்காகச் சாத்திய கதவு, மக்களை அதைவிடப் பாதுகாப்பற்ற வழிகளுக்குத் தள்ளுகிறது.

எல்லா அஞ்சல் கோப்பும் இஎம்எல் அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். அவுட்லுக் சேமிக்கும் எம்எஸ்ஜி கோப்பு, பழைய வேர்டு ஆவணங்களைப் போன்ற இருமக் கட்டமைப்பு உடையது. பின்னொட்டை மாற்றுவதால் எந்த உலாவியும் அதைக் காட்டாது. கூகுளிலிருந்து மொத்தமாக இறக்கும் அஞ்சல்கள் எம்பாக்ஸ் என்ற ஒரே நீண்ட கோப்பாக வரும். அதை அஞ்சல் மென்பொருளில் ஏற்றுவதே முறை.

தமிழ் வாசகர்களுக்கு உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. 1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தமிழில் எழுதப்பட்ட அஞ்சல்களில் பல, யூனிகோடில் இல்லை. தகுதரம் எனப்படும் டிஸ்கியிலும், 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் முன்வைக்கப்பட்ட டாப், டாம் குறியாக்கங்களிலும், இவை எதிலும் சேராத எழுத்துருக்களிலும் எழுதப்பட்டவை அவை. டிஸ்கி 2007இல் பன்னாட்டுப் பதிவேட்டில் இடம்பெற்றபோதும், இன்றைய உலாவிகள் பின்பற்றும் குறியாக்கப் பட்டியலில் அது இல்லை. அக்கால அஞ்சல்களின் தலைப்பகுதியில் மேற்கு ஐரோப்பிய எழுத்துகள் என்ற பொய்யான அடையாளமோ, அடையாளமே இல்லாத வெற்றிடமோதான் பெரும்பாலும் இருக்கும். அத்தகைய கோப்பை எந்த வழியில் திறந்தாலும், குறி தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்தான் தெரியும். ஆனால் எழுத்து அழிந்துவிடவில்லை. கோப்பில் உள்ள பைட்டுகள் மாறாமல் இருக்கும்வரை, குறியாக்க மாற்றிகளைக் கொண்டு அவற்றை யூனிகோடுக்குக் கொண்டுவரலாம். புரியாத குவியலைப் பார்த்து, அதை நகலெடுத்து வேறொரு ஆவணத்தில் ஒட்டிச் சேமித்துவிட்டு மூலத்தை நீக்குபவர்கள்தான் உண்மையான இழப்பை உண்டாக்குகிறார்கள், ஏனெனில் அந்த ஒட்டலில் சில பைட்டுகள் தொலைந்துபோகக்கூடும்.

மூலக் கோப்பைக் காப்பதற்குச் சட்டம் சார்ந்த காரணமும் இருக்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தாக்கல் செய்வோர் தர வேண்டிய சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பை, அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியை, குறிப்பிடக் கோருகிறது. பின்னொட்டை மாற்றுவதால் கோப்பின் உள்ளடக்கமோ ஹாஷ் மதிப்போ மாறாது. ஆனால் நோட்பேடில் திறந்து ஒரே ஓர் இடைவெளியைச் சேர்த்துச் சேமித்தாலும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். உலாவியிலிருந்து எடுத்த பிடிஎஃப் அச்சுப்படியில் தலைப்பகுதி இல்லாததால், அஞ்சல் எங்கிருந்து வந்தது என்பதை அதைக் கொண்டு நிறுவ இயலாது. மூலக் கோப்பிலோ, அனுப்பிய களத்தின் டிகேஐஎம் எனப்படும் மின்னணுக் கையொப்பம் பெரும்பாலும் இருக்கும். தலைப்பகுதியின் முக்கிய வரிகளும் செய்தியும் வழியில் திருத்தப்படவில்லை என்பதை அதைக் கொண்டு சரிபார்க்கலாம். அதற்குத் தேவையான பொதுத் திறவுகோல் அனுப்பியவரின் களப்பெயர்ப் பதிவில் இருக்கிறது. அதை அவர்கள் அவ்வப்போது மாற்றி, பழையதை நீக்கிவிடுவதும் உண்டு. ஆகவே முக்கியமான அஞ்சல் என்றால், கோப்பு கைக்கு வந்த நாள்களிலேயே அந்தச் சரிபார்ப்பைச் செய்து முடிவைப் பதிந்து வைத்துவிட்டு, படிப்பதற்கும் காட்டுவதற்கும் படியை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.